‘ஏழைக் குடும்பம்’ என்று எழுத வந்தவள்

‘ஏழை’ என்ற சொல்லைச் சிவப்புப் பெயிண்டில் எழுதி முடிப்பதற்குள் வஸ்தினியின் கையிலிருந்த பிரஷ் பறிபோனது.

“யாரைக் கேட்டு எங்க செவுத்துல எழுதுறீங்க?”

திரும்பினாள். பிரஷோடு ஓர் இளைஞன் நின்றான். பொத்துக்கொண்டு வந்த கோபம், அவன் கண்களைப் பார்த்ததும் பாதி கரைந்தது. அகலமான, தூக்கமில்லாத கண்கள்... சே, வந்த வேலையைப் பாருடி என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

“உங்கம்மாவைக் கேட்டுத்தான். மாவட்ட ஆபீஸ் உத்தரவு. ‘ஏழைக் குடும்பம்’னு எழுதினாத்தான் மாசம் பத்து கிலோ அரிசி. அரிசி வேணாம்னா இந்த ஃபாரத்துல கையெழுத்துப் போடுங்க.”

அந்தத் தெருவில் ஏற்கெனவே நாலு வீட்டார் மானத்துக்காகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மானத்தை உலையில் போட முடியாது என்பது அவர்களுக்கு அடுத்த வாரம் தெரியும்.

மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. இருவரும் ஓட்டுச் சரிவின் கீழ் ஒண்டினார்கள்.

“கொடுங்க பேனாவை. நான் அஜி. எக்கனாமிக்ஸ் டிகிரி. செமாராங் டவுன்ல கம்பெனி வேலை... லீவுல வந்திருக்கேன்.”

“லீவுல வந்த சாருக்கு நகத்துல எப்படி இவ்வளவு வெங்காயத் தோல்?”

அவனுக்குக் காது சிவந்தது. “ரொம்பத்தான் வாய் உங்களுக்கு!”

“நான் வஸ்தினி. எனக்கும் கணக்குல டிகிரி இருக்கு. கிடைச்சது நாப்பது நாள் பெயிண்ட் வேலை. இந்த ஜாவாக் கரையில படிச்சாலும் வெங்காய வயல், படிக்காட்டாலும் வெங்காய வயல்... வயல் மட்டும் வேற யாரோடதோ.”

அவன் காகிதத்தை வாங்கினான். பேனா காகிதத்தைத் தொட்டது. உள்ளே அவன் அம்மா இருமினாள். கையெழுத்து விழுந்தால் அந்த அம்மாவின் அரிசி போச்சு.

“அஜி... நேத்து எங்க வீட்டுச் செவுத்துல நானேதான் எழுதினேன்.” வஸ்தினி சிவப்பு படிந்த விரல்களை நீட்டினாள். “என் கையாலயே.”

அவன் பேனாவைத் திருப்பிக் கொடுத்தான். பிரஷை எடுத்து மீதியைத் தானே எழுதி முடித்தான்.

“கம்பெனியும் இல்ல, லீவும் இல்ல. ரெண்டு வருஷமா வேலை தேடி அலையுறேன். அழகா ஒரு பொண்ணு எதிர்ல நிக்கும்போது அதைச் சொல்ல வாய் வரல...”

“இன்னும் பத்து நாள்ல நானும் வேலையில்லாதவதான். அப்ப என்ன சொல்வீங்க?”

“அதுக்கெதுக்குப் பத்து நாள்? உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு வஸ்தினி... இப்பவே சொல்றேன்.”

“எனக்கும்தான்...” என்றாள், தரையைப் பார்த்தபடி.

மழை விட்டும் அவள் அடுத்த வீட்டுக்குக் கிளம்பவில்லை.