ஈரச்சாளரம் திறந்த நாள்

விடிந்ததும் மூக்கன் ஊரை மோந்து பார்க்கும். கம்பத்து உச்சியில் இருக்கிற அந்தக் கருவிக்கு அதிகாரிகள் வைத்த பெயர் அனல்மோப்பி. எங்களுக்கு மூக்கன். ஒரு சுற்றுச் சுற்றி நின்றதும் ஊதும். உடனே வாசலில் தொங்குகிற ரப்பர் மட்டையை எடுத்துக்கொண்டு மந்தைக்கு ஓட வேண்டும். அங்கே தரையில் ஒரு சிவப்பு வெளிச்சம் நெருப்பு மாதிரி ஆடும். சுற்றி நின்று அதை அடித்து அணைத்த பிறகுதான் வீட்டுக்குப் போய்க் கரண்ட் தட்டில் கஞ்சி காய்ச்சலாம். கொட்டமலையில் நடக்கப் பழகின பிள்ளைக்கும் இதே விதிதான்.

மூக்கன் புகையை மட்டும் மோந்து பார்க்கவில்லை, நாங்கள் பேசுவதையும் கேட்கிறது என்பது என் எண்ணம். சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

முன்பெல்லாம் கோடை என்றால் பங்குனியில் வரும், ஆனியில் போய்விடும். இப்போது தையில் காய ஆரம்பிக்கிற புல் ஐப்பசி வரை காய்ந்தே கிடக்கிறது. கிழக்குச் சரிவு எரிந்து இரண்டு ஊர் இல்லாமல் போன வருசம் தீயொழிப்புச் சட்டம் வந்தது. அடுப்பு கூடாது, பீடி கூடாது, சூடம் கூடாது. சாமிக்கே பல்புதான் சுற்றுகிறோம். செத்தவர்களையும் எரிக்கக் கூடாது. கீழிருந்து வண்டி வரும், ஏற்றிக்கொண்டு போய் நீர்த்தகனம் செய்வார்கள். ஏதோ மருந்துத் தண்ணீரில் கரைத்துவிட்டு ஒரு சொம்பில் வெள்ளைப் பொடி கொடுப்பார்கள். அந்தப் பொடி நம் ஆளுடையதுதான் என்று எவன் கண்டான்?

என் சம்சாரம் போதுமணி சித்திரையில் செத்தாள். படுக்கையில் கிடந்தபோதே என்னிடம் ஒன்று கேட்டு வாங்கியிருந்தாள்.

“என்னையத் தண்ணியில கரைக்கக் குடுத்துராதய்யா. நான் என்ன உப்பா?”

அவள் ஏன் கேட்டாள் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் இரண்டு பேருக்கும் பகலெல்லாம் எஸ்டேட் வேலை. அவள் முகத்தை நான் நிதானமாகப் பார்த்ததே அடுப்பு வெளிச்சத்தில்தான். கங்குக்குள் கத்தரிக்காயைச் செருகிவிட்டு, குனிந்து ஊதுவாள். சாம்பல் பறந்து புருவத்தில் ஒட்டும். அவள் தலைமுடியில் எப்போதும் ஒரு புகை வாசம் இருக்கும். சட்டம் வந்து ஒரு மாதத்தில் அந்த வாசம் போய்விட்டது. பக்கத்தில் வேறு யாரோ படுத்திருக்கிற மாதிரி இருந்தது எனக்கு.

அதனால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, குளிர்பெட்டியில் அவளை வைத்துக்கொண்டு ஈரச்சாளரத்துக்குக் காத்திருந்தேன். நல்ல மழை பெய்து புல்லில் ஈரம் ஏறினால், தீக்காவல் நிலையத்தில் ஒரு பகல் பொழுதுக்கு நெருப்பை அனுமதிப்பார்கள். அதைத்தான் ஈரச்சாளரம் என்பது. பிணம் எரிக்க மட்டும்தான் அனுமதி. போன இரண்டு வருசமும் அது திறக்கவே இல்லை.

தீக்காவல் ஆய்வாளர் நிலோஃபர் என்ற பெண், வாரம் தவறாமல் ஜீப்பில் வந்து, பெட்டிக்குப் போகிற கரண்ட் ஊர்ப் பங்கிலிருந்து போகிறது என்று பக்குவமாக எடுத்துச் சொன்னாள். என் மகன் சுருளிவேலும் அவள் பக்கமே பேசினான். அவன் சட்டம் வந்த மறுவருசம் பிறந்தவன், ஊர்த் தீயடிப்புக் குழுவுக்குத் தலைவன். நெருப்பை அடிக்கத்தான் தெரியும் அவனுக்கு. மழை பெய்தாலும் இவர்கள் பெய்யவில்லை என்று சொல்லிவிடுவார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஆவணியில் ஒரு விடியற்காலை மழை வந்தது. ஓட்டைப் பிய்த்துப் போடுகிற மாதிரி பெய்துவிட்டு நின்றது. வெயில் ஏறும் முன் நிலோஃபரே ஜீப்பில் வந்து, சாளரம் திறந்தாயிற்று, பொழுது சாய்கிற வரை நேரம் என்றாள். நான் அவளை எதிர்பார்க்கவில்லை.

சுடுகாட்டுக்கு ஊரே வந்தது. பொம்பளைகள், பிள்ளைகள், எல்லாரும் திருவிழாத் துணியில். பழக்கத்தில் மட்டையையும், முதுகில் மாட்டுகிற தண்ணீர்த் தொட்டியையும் எடுத்து வந்திருந்தார்கள். எழவுக்கு வந்த கூட்டமில்லை அது, நெருப்புப் பார்க்க வந்த கூட்டம். எவ்வளவு உயரத்துக்கு வரும், சத்தம் கேட்குமா என்று என்னிடமே கேட்டார்கள். கெட்ட வார்த்தை வாய் வரைக்கும் வந்துவிட்டது. போதுமணி இருந்தால் அவளும் முன்வரிசையில்தானே நிற்பாள் என்று நினைத்து விழுங்கிக்கொண்டேன்.

எரு, விறகு, வைக்கோல் எல்லாம் முறைப்படி அடுக்கியிருந்தது. நிலோஃபர் பூட்டிய பெட்டியைத் திறந்து தீப்பெட்டியைக் கொடுத்தாள். நான் உரசிக் கொள்ளிக்கட்டையைப் பற்ற வைத்து மகன் கையில் கொடுத்தேன். எங்களில் வழக்கம், தண்ணீர்க் குடத்தோடு மூன்று சுற்றுச் சுற்றி, குடத்தை உடைத்து, முதுகைக் காட்டிக்கொண்டு கொள்ளி வைக்க வேண்டும். பிறகு திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். அவன் எல்லாம் சரியாகத்தான் செய்தான். நாலு எட்டு வைத்தான். பின்னால் வைக்கோல் சடசடவென்று பிடித்தது.

தீயடிப்பில் முதல் பாடமே நெருப்புக்கு முதுகைக் காட்டாதே என்பதுதான்.

அவன் திரும்பினான். அவன் கண்ணில் அம்மா இல்லை, மகன் என்ற நினைப்பும் இல்லை. யார் கையிலிருந்தோ மட்டையைப் பிடுங்கிக்கொண்டு பாய்ந்தான். அவன் பாய்ந்ததும் ஊரே பாய்ந்தது. பட்டுச்சேலை கட்டினவள்கூடச் செருப்பைக் கழற்றி அடித்தாள். எவனோ முதுகுத் தொட்டியைத் திறந்து தண்ணீரைப் பீய்ச்சினான். நான் கத்தினது ஒருத்தர் காதிலும் விழவில்லை. எல்லாம் அணைந்து புகை மேலே போன பிறகுதான், எதை அடித்தோம் என்று அவர்களுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு மட்டையாகத் தரையில் விழுந்தது.

சுருளிவேல் ஈர வைக்கோல் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

“வேணும்னு செய்யலப்பா. கை தானாப் போயிருச்சு.”

அவனை அடிக்க ஓங்கிய என் கை அப்படியே நின்றது. அவனைப் பழக்கினவர்களில் நானும் ஒருத்தன். தவழ்கிற வயதில் மட்டையை அவன் கையில் கொடுத்து, அடிடா என்று சொல்லிச் சிரித்தவன்.

நிலோஃபர் மேகத்தைப் பார்த்தாள், கையிலிருந்த கருவியைப் பார்த்தாள். முடிந்தது என்று சொல்லப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

“ஐயா, காத்து மாறுது. இன்னும் ஒரு வாட்டிதான் விட முடியும். காஞ்சது ஏதாச்சும் இருக்கா?”

ஊரில் காய்ந்த பொருள் எது இருந்தாலும் அது குற்றம்.  என் கொழுந்தியாள் ஆராயிதான் முதலில் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போய், ஒளித்து வைத்திருந்த இலவம்பஞ்சுத் தலையணையைக் கொண்டுவந்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி போனாள். அப்புறம் இன்னொருத்தன். சட்டப்படி எல்லாரும் தீப்பிடிக்காத ஸ்பாஞ்சில் படுக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்த நிலோஃபர், ஊர் முழுக்கப் பஞ்சு வந்து குவிவதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றாள். ஈர வைக்கோலை வாரிப் போட்டுவிட்டு விறகுக்கு அடியில் பஞ்சைத் திணித்தோம்.

“நீங்களே வைங்கப்பா. நான் மறுபடியும் அணைச்சிருவேன்” என்றான் சுருளிவேல்.

“மகன் வைக்கிறதுதான் அவளுக்கு. நீ வை. கையை நான் பாத்துக்கிறேன்.”

ஊர்க்காரர்களை மட்டையில்லாமல், சுடுகாட்டை ஒட்டின ஓடைக்கு அந்தப்பக்கம் போய் நிற்கச் சொன்னேன். போனார்கள். கைகளைக் கட்டிக்கொண்டு, சிலர் பக்கத்திலிருந்தவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நிலோஃபர் இரண்டு கையையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டாள். அவளும் பழக்கப்பட்டவள்தானே.

அவன் கொள்ளி வைத்தான். வைத்ததும் அவன் இரண்டு மணிக்கட்டையும் நான் இறுகப் பிடித்தேன். பஞ்சு பிடிக்கிற சத்தம் கேட்டதும் என் பிடிக்குள் அவன் கைகள் மீன் மாதிரி துள்ளின. முப்பது வயது ஆம்பிளை. எனக்கு மூச்சு முட்டியது, விடவில்லை. இரண்டு பேரும் ஒருத்தனை ஒருத்தன் இழுத்துக்கொண்டு, திரும்பாமல், ஓடையைப் பார்த்து நடந்தோம். அவன் அழுதுகொண்டே வந்தான்.

“எரியுதாப்பா?”

என் முதுகில் சூடு பட்டது. மார்கழியில் வெளியே பனி கொட்டும்போது, அவள் சோறு பொங்க, அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தால் படுமே, அந்தச் சூடு.

“எரியுதுடா. நட” என்றேன்.