செவ்வாய்க்கிழமை எரிந்த விளக்கு

செவ்வாய்க்கிழமை, காலை 8:05. போர்ட்டோ ரிக்கோவின் யாவ்கோ ஊரில், மலைப்பாதை தொடங்கும் இடத்தில் இருக்கும் பட்டறைக்குள் ஒரு சாம்பல் நிறக் கார் வந்து நின்றது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எஞ்சினில் ஏதோ கோளாறு என்று சொல்லும் விளக்கு. மூன்று வாரத்தில் மூன்றாவது செவ்வாய்.

இறங்கிய நெரெய்டா, மலைமேல் படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்க் கவனிக்கும் நர்ஸ். கார் இருந்தால்தான் அந்த வேலை.

"வில்ஃப்ரெடோ இந்தப் பழசை என் தலையில நல்லாக் கட்டிட்டான். சாயங்காலத்துக்குள்ள கொண்டுவந்தா திருப்பி எடுத்துக்கறானாம். விட்டுட்டு வரப்போறேன்."

"வேலை?" என்றாள் பட்டறைக்காரி இவெலிஸ்.

"போகட்டும். ஒருத்தருக்குக் கொண்டாட்டமா இருக்கும்."

ஒருத்தர் என்றது அவள் கணவன் எலாடியோவை. மண் சரியும் பாதையில் ஓட்டை வண்டியோடு போகாதே என்றான், அவள் கேட்கவில்லை. 'என் கையால ஒரு சொட்டு பெட்ரோல் ஊத்தமாட்டேன்' என்று சத்தியம் செய்தான். ஒரு மாதமாக ஒரே வீட்டில் இருவருக்கும் பேச்சில்லை. இரண்டும் வீம்பு பிடித்த ஜென்மங்கள்.

இவெலிஸ் கோளாறைப் படித்துச் சொல்லும் கருவியைச் செருகினாள். அதே பதில்தான்: பெட்ரோல் டாங்கில் கசிவு. மூடியைத் தொட்டுப் பார்த்தாள். தளர்ந்திருந்தது. முதல் முறை இறுக்கிவிட்டு நெரெய்டாவைத் திட்டியிருந்தாள். இரண்டாம் முறை மூடியையே மாற்றினாள். இப்போது அந்தப் புது மூடியும் தளர்ந்திருந்தது.

"எப்படி மூடறே?"

"மூணு தடவை 'டக்'குனு கேக்கற வரைக்கும். நீ திட்டின திட்டு மறக்குமா?"

"கடைசியா எப்பத் திறந்தே?"

"சனிக்கிழமை. எப்பவும் சனிக்கிழமைதான், அரை டாங்க் போடுவேன்."

"பெட்ரோல் திருடு போகுதா?"

"நேத்து அவ்வளவு தூரம் மலை ஏறி இறங்கியும் முள்ளு அரைக்குக் கீழ போகல. இந்த வண்டியில உருப்படி அது ஒண்ணுதான்."

இவெலிஸ் நிமிர்ந்தாள். மூடிக்குக் கீழே பெயின்ட் மேல் பெட்ரோல் வழிந்து காய்ந்த கோடு ஒன்று இருந்தது.

"வீட்ல வண்டி எங்க நிக்கும்?"

"எங்க படுக்கையறை ஜன்னலுக்குக் கீழ."

8:40. இவெலிஸ் போன் போட்டிருந்ததால், மனைவியை வேலைக்குக் கொண்டுவிட எலாடியோவின் டிரக் வந்தது. அவன் இவெலிஸைப் பார்த்துப் பேசினான்.

"மேடத்தை எங்க இறக்கிவிடணும்னு கேளு."

"டிரைவர் சாரை அவர் வேலையைப் பார்க்கச் சொல்லு" என்றாள் நெரெய்டா.

டிரக்கின் பின்னால் ஒரு சிவப்பு கேன் இருந்தது. பெரும்புயலில் மாதக்கணக்காகக் கரண்ட் இல்லாமல் கிடந்த பிறகு போர்ட்டோ ரிக்கோவில் ஜெனரேட்டருக்கு பெட்ரோல் சேர்த்துவைக்காதவர் யார்? இவெலிஸ் அதைத் தூக்கிப் பார்த்தாள். காலி.

"கரண்ட் எப்பப் போச்சு, எலாடியோ?"

"அதிசயமா இந்த மாசம் போகவே இல்ல."

"அப்புறம் கேன் ஏன் காலி?"

"வெச்சிருந்தா பெட்ரோல் கெட்டுப்போகும்ல? மாத்தணும்."

"வாராவாரமா? பழசை எதுல ஊத்தினே?"

எலாடியோ கேனை அவள் கையிலிருந்து வாங்கி டிரக்கில் திருப்பி வைத்தான்.

இவெலிஸ் நெரெய்டா பக்கம் திரும்பினாள். "வண்டியில ஒரு கோளாறும் இல்ல. வில்ஃப்ரெடோவும் உன்னை ஏமாத்தல. இந்த விளக்கு கசிஞ்ச உடனே எரியாது. மறுநாள் ஓட்டும்போதும் கசிஞ்சாத்தான் எரியும். செவ்வாய்க்கிழமை எரியுதுன்னா, திங்கக்கிழமை நீ கிளம்பறதுக்கு முன்னாடியே யாரோ மூடியைத் திறந்திருக்காங்க. திருடனா இருந்தா முள்ளு இறங்கியிருக்கும். உனக்கு இறங்கவே இல்ல. கேன்ல இருந்து ஊத்தினா இப்படித்தான் வழியும். ஊத்தினது உன் புருஷன்."

"இவனா? இருபது வருஷமா டிரக் ஓட்டறான், மூடி மூடத் தெரியாதா?"

"நல்லாத் தெரியும். ஜன்னலுக்குக் கீழ மூணு தடவை 'டக்'குனா நீ முழிச்சுக்குவியே. அதான் பாதித் திருகலோட விட்டுட்டான்."

எலாடியோ, ஒரு மாதத்தில் முதல் முறையாக, மனைவியைப் பார்த்துப் பேசினான்.

"மேல பங்க் கிடையாது, நெரெய்டா. நடுவழியில நின்னுட்டா என்ன பண்ணுவே?"

அவள் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன கேடு?" என்றாள். வில்ஃப்ரெடோவுக்கு போன் போட்டு, காரைத் தருவதாக இல்லை என்றாள்.

அடுத்த திங்கள், காலை 5:20. ஜன்னலுக்குக் கீழே டக், டக், டக் என்று கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு டக்.

"மூணு போதும்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "காபி ஆறுது, வா."