மூன்று நாற்பதில் நிறுத்தியது

கணினி லேபின் முப்பது திரைகளிலும் மணி மூன்று நாற்பது. யுவராஜின் கைக்கடிகாரத்தில் ஐந்தரை.

“சே, இதுகளுக்கு மணிகூடக் காட்டத் தெரியல” என்று முகம் சுளித்தார். மரவள்ளி தின்று வளர்ந்த பிள்ளைகளுக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் ஒரு கேடா என்று வகுப்பிலேயே கேட்கும் பெரிய மேதாவி அவர். நாளை ஆய்வுக் குழு வருகிறது. முப்பதும் ஓடினால் சேலத்துக்கு மாற்றல். ஓடாவிட்டால் இந்தக் கொல்லிமலையிலேயே கிடக்க வேண்டியதுதான்.

அவர் பாடம் நடத்துவது வர்ச்சுவல் மெஷினில். கணினிக்குள் இன்னொரு கணினி. பிள்ளைகள் அதைக் கெடுத்தாலும் வெளியே ஒன்றும் ஆகாது. பாதியில் நிறுத்தி, மாதம் கழித்து எழுப்பினாலும், நடுவே ஒரு நிமிஷம் போனதுகூட அதற்குத் தெரியாது. எல்லோரும் கெடுத்தது போக, உருப்படியாக மிஞ்சியது அம்சவேணி என்ற மாணவியுடையது ஒன்றுதான். புதிதாகச் செய்யச் சோம்பல்பட்டு, அதையே முப்பதிலும் நகல் போட்டிருந்தார்.

“அந்தப் புள்ள செத்து ஒரு மாசமாச்சுங்க சார். அதோடத எதுக்குங்க எழுப்பறீங்க?” என்றார் உதவியாளர் சின்னுசாமி.

“ஏன்யா, கடிச்சுருமா? சாவிய வச்சுட்டுக் கெளம்பு.”

“பனி எறங்குதுங்க. நான் வாரேனுங்க.”

அவர் போனதும் ஜன்னல் முழுக்க வெள்ளையாக அடைத்துக்கொண்டது. ஈரத் துணியின் வாடை எங்கிருந்தோ வந்து, வரிசை வரிசையாக நாற்காலிகளுக்கு இடையே நகர்ந்து, யுவராஜின் மேசையருகே வந்து தங்கியது. திரைகளில் ஒரே ஒரு வரி.

‘சார், நாலு மணி பஸ்ஸுதாங்க கடைசி. போகட்டுங்களா?’

லேபில் யாரும் வாய் திறக்கக் கூடாது, கேட்பதைத் திரையில் அடிக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அவள் கடைசியாக வகுப்புக்கு வந்த அன்று இதை வாசித்தார். சிரித்தார். பதிலுக்கு அவள் மெஷினை நிறுத்திவிட்டு, வகுப்பை ஐந்து மணிவரை இழுத்தார். பஸ் போய்விட்டது. தன் ஊரான குண்டனி நாட்டுக்குப் பனியில் நடந்து போனவளை மறுநாள் பள்ளத்திலிருந்து தூக்கினார்கள். நடக்கத் தெரியாதவளுக்கு நானா பொறுப்பு என்றுதான் அன்றும் கேட்டார்.

பழைய எழுத்துதானே. தூ.

முப்பது விசைப்பலகைகளிலும் விசைகள் தாமாக அழுந்தின. ஒரே சத்தம்.

‘சார்?’

அவர் ‘போ, போய்த் தொலை’ என்று அடித்தார். முப்பது நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. கதவு திறந்தது. மூடியது.

விட்டது சனியன். பையை எடுத்துக்கொண்டு ஓடினார். கதவு அசையவில்லை. தட்டினார். கத்தினார். குரல் வரவில்லை. வாய் மட்டும் திறந்து மூடியது.

முன்வரிசைத் திரை விழித்திருந்தது. யாருக்கும் ஒரு ‘ங்க’ போட்டுப் பேசியறியாத மனுஷன், குனிந்து அடித்தார்.

‘போகட்டுங்களா?’

கையையும் உயர்த்தினார், பிள்ளைகள் உயர்த்துவதைப் போல.

அவருடைய நாற்காலியில், தலைமுடி சொட்டச் சொட்ட, அம்சவேணி உட்கார்ந்திருந்தாள். வாசித்தாள். சிரித்தாள். அன்று அவர் அழுத்திய அதே விசையை அழுத்தினாள்.

மின்விசிறி பாதிச் சுற்றில் நின்றது. அவள் கூந்தல் நுனியிலிருந்து விழுந்த துளி, தரையைத் தொடாமல் நின்றது. உயர்த்திய கை உயர்த்தியபடியே நின்றது.