மேலேயும் கீழேயும் தாண்டிய பக்கம்

அப்பா பொய் சொல்லி குண்டூசி பார்த்ததே இல்லை. அதுவும் செபப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொல்வார் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

ஆள் ஒல்லி, பேச்சு சுருக்கென்று இருக்கும். அதனால்தான் அவளுக்குக் குண்டூசி என்று பெயர். வயது பதினொன்று.

தினமும் மாலை ஏழு மணிக்கு அவர்கள் வீட்டில் செபம். அன்றைய புனிதரைப் பற்றி நாலு வரி, பிறகு அன்றைய நற்செய்தி. தச்சு வேலை செய்யும் அப்பா, சட்டையில் ஒட்டிய மரத்தூளைத் தட்டிவிட்டு வந்து படிப்பார். அன்று வியாழக்கிழமை, புனித அந்தோணியாரின் திருநாள். காணாமல் போனதைத் தேடித் தருபவர் அவர் என்று படித்து முடித்தார் அப்பா. பிறகு சத்தமில்லாமல் ஒரு பக்கத்தைத் தாண்டினார்.

அம்மா கவனிக்கவில்லை. குண்டூசி கவனித்துவிட்டாள். காலையில் பள்ளி வழிபாட்டில் அன்றைய நற்செய்தியைப் படித்ததே அவள்தான். காணிக்கை கொடுக்க வந்த இடத்தில், உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு சமாதானமாகு என்று இயேசு சொல்லும் பகுதி அது. அப்பா படித்ததோ வெள்ளிக்கிழமைக்கு உரியது. கண் உன்னைப் பாவத்தில் தள்ளினால் அதைப் பிடுங்கி எறி என்று வரும்.

தம்பியோடு பேசுவதைவிட இவருக்குக் கண்ணைப் பிடுங்குவது சுலபம் போல, என்று கசப்போடு நினைத்துக்கொண்டாள்.

அந்தத் தம்பி, அதாவது சித்தப்பா, வெகு தூரத்திலும் இல்லை. மாடியில்தான் இருக்கிறார். பேக்கரியில் இரவு வேலை அவருக்கு. மூன்று மாதத்துக்கு முன்னால் தாத்தா ஆஸ்பத்திரியில் இறந்தபோது சித்தப்பா பக்கத்தில் இல்லை. அடக்கம் முடிந்து திரும்பியதும், எல்லார் முன்னாலும் அப்பா ஒரு வார்த்தை விட்டார்.

"அப்பா சாகிற நேரத்துல உனக்கு ரொட்டிதான் பெருசா இருந்துச்சு."

அன்றோடு பேச்சு நின்றது. பெரியவர்கள் சண்டையில் சின்னவர்களுக்கும் பங்கு கிடைத்தது. சித்தப்பா மகள் பஞ்சு கீழே வருவதில்லை. குண்டூசி மேலே போவதில்லை. இருவரும் பள்ளியில் மட்டும் பேசிக்கொண்டார்கள். இப்போது சித்தப்பா வேறு வீடு பார்த்துவிட்டார். சனிக்கிழமை லாரி வருகிறது. பஞ்சுவுக்குப் பள்ளியும் மாறுகிறது. அண்ணனும் தம்பியும் முகம் பார்க்காமலே பிரிந்துவிட்டால், பஞ்சு அவளுக்கு இனி யாரோதான்.

"அப்பா, நீங்க படிச்சது நாளைக்குள்ளது," என்றாள்.

"பக்கம் ஒட்டிக்கிட்டிருந்துச்சு."

"பிரிச்சுத் தரட்டுமா?"

"செபம் முடிஞ்சிருச்சு. போய் வீட்டுப்பாடத்தைப் பாரு."

அப்பா அந்தக் குரலில் பேசிவிட்டால் பிறகு அவரோடு வாதாட முடியாது. ஆனால் குண்டூசிக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. ஒரே நாளில் உலகம் முழுக்க ஒரே வாசகம்தான் படிப்பார்கள் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். சித்தப்பா வேலைக்குக் கிளம்பும் முன் ஏழரைக்குச் செபம் சொல்வார். அவராவது ஒழுங்காகப் படிப்பார். படித்தால் மனசு இளகும்.

மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவள் மாடிப்படி ஏறினாள். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே சித்தப்பா நின்று படித்துக்கொண்டிருந்தார்.

"...அதைப் பிடுங்கி எறிந்துவிடு."

குண்டூசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது நல்ல சிரிப்பு இல்லை. சிரித்து முடிப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"யாரது? குண்டூசியா? என்னம்மா சிரிப்பு?" என்றார் சித்தப்பா.

"கீழேயும் இதையேதான் படிச்சாங்க, சித்தப்பா. இன்னைக்குள்ளதை அப்பா தாண்டிட்டாரு."

சித்தப்பா புத்தகத்தை மூடினார். "தாண்டிட்டாரா? ஏன்?"

"நீங்க ஏன் தாண்டுனீங்களோ, அதுக்குத்தான்."

பஞ்சு வாயைப் பொத்திக்கொண்டாள். குண்டூசி கீழே இறங்கி, நேராக அப்பாவிடம் போனாள்.

"சித்தப்பாவும் அதே பக்கத்தைத் தாண்டிட்டாரு," என்று மட்டும் சொன்னாள்.

அப்பா அவளைத் திட்டவில்லை. வெகுநேரம் சாப்பிடவும் இல்லை.

வெள்ளிக்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. மேலே பெட்டி நகரும் சத்தம் மட்டும் கேட்டது. பெரியவர்கள் மேல் குண்டூசிக்குப் பொல்லாத கோபம் வந்தது. அவள் தப்பு செய்தால் ஐந்து நிமிடத்தில் மன்னிப்பு கேட்க வைக்கிறார்கள். இவர்களை யார் கேட்க வைப்பது?

சனிக்கிழமை லாரி வந்தது. சாமான்கள் மாடியிலிருந்து இறங்கின. கடைசியாக மர அலமாரி, மாடிப்படி திரும்பும் இடத்தில் வசமாகச் சிக்கிக்கொண்டது. சித்தப்பாவும் லாரிக்காரரும் மேலே தள்ளினார்கள், கீழே இழுத்தார்கள். அது அசையவே இல்லை. சித்தப்பாவின் கல்யாணத்துக்காக அதைச் செய்து ஏற்றியது அப்பாதான்.

அப்பா வாசலில் நின்று பார்த்தார். பிறகு லாரிக்காரரை விலகச் சொல்லிவிட்டு, அடிப்பக்கத்தைத் தாங்கிப் பிடித்தார்.

"சாய்ச்சுப் பிடிடா. இடிக்காம திருப்பு."

இரண்டு படி இறங்கினார்கள்.

"அண்ணா, அன்னைக்கு நான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன்," என்றார் சித்தப்பா.

"பேசாம தூக்கு."

"வேலையைப் பாதியில விட்டுட்டு வந்தேன். வாசல்லயே நின்னுட்டேன். அப்பாவை அந்த நிலைமையில பார்க்கத் தைரியம் வரல. உள்ள வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு."

அலமாரியின் பாரம் அப்பாவின் தோளில் இருந்தது. கீழே வைக்கவும் முடியாது, விட்டுவிட்டுப் போகவும் முடியாது. கேட்டுத்தான் ஆகவேண்டும்.

"இதை அப்பவே சொல்றதுக்கென்ன?" என்றார் அப்பா.

"நீ சொன்ன வார்த்தைக்கு அப்புறம் என்னத்தைச் சொல்றது?"

அப்பா இன்னொரு படி இறங்கினார். "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது," என்றார்.

கீழ்ப்படியில் நின்ற குண்டூசி பஞ்சுவின் காதில் கேட்டாள். "அப்போ நீங்க போகலைதானே?"

"போறோம். மேல வேற ஆளுங்க குடிவர்றாங்க," என்றாள் பஞ்சு.

குண்டூசிக்கு வாயெல்லாம் கசந்தது. இந்த நாலு வார்த்தையை மூன்று மாதத்துக்கு முன்னாலேயே பேசியிருந்தால் லாரியே வந்திருக்காது. அந்த மூன்று மாதத்தை இனி யாராலும் தேடித் தர முடியாது.

அலமாரி லாரியில் ஏறியது. லாரிக்காரர் வண்டியைக் கிளப்பத் தயாரானார். அப்பா பின்பக்கம் போய் லாரியில் காலை வைத்தார்.

"நீங்க எங்க?" என்றாள் அம்மா.

"அங்கயும் மாடிப்படி இருக்கும்ல. இவனுக்கு அலமாரியைத் திருப்பத் தெரியாது."

ஏறி உட்கார இடம் தேடியவர் திகைத்துப்போனார். இருந்த ஒரே இடத்தில் குண்டூசியும் பஞ்சுவும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள்.