நீல டப்பாவில் சேறு

ஆறரைக்கு அலாரம் அடிக்கும். எழுந்து கெட்டிலைப் போடுவேன். தர்ஷினியின் சீருடையை ஹீட்டருக்கு முன்னால் தொங்கவிடுவேன். இரண்டு துண்டு ரொட்டியை டோஸ்டரில் வைப்பேன். அவளுடைய நீல டப்பாவில் மதியச் சாப்பாட்டை அடைப்பேன். ஏழே காலுக்கு அவளை எழுப்புவேன். எட்டு பத்துக்குக் கதவைப் பூட்டுவேன்.

கராஜ் பக்கம் மட்டும் போக மாட்டேன்.

தர்ஷினி என் மகள். ஒன்பது வயது. பள்ளி விட்டு வந்ததும் முதல் வேலையாக நீல டப்பாவைக் கழுவி மேசைமேல் வைப்பாள். முன்பெல்லாம் அப்படி இல்லை. ஒரே வருடத்தில் நான்கு டப்பாக்களைத் தொலைத்தவள் அவள். ஒன்று பஸ்ஸில் போனது. ஒன்று நீச்சல் குளத்தில் போனது. மற்ற இரண்டும் எங்கே போயின என்று அவளுக்கே தெரியாது.

ஜூன் மாதத்திலிருந்து ஒன்றுகூடத் தொலையவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. யாரிடமும் எதையும் கேட்காமல் இருந்தேன்.

ஜூன் மாதத்தில்தான் அவள் அம்மா இறந்துபோனாள்.

அவள் பெயர் அபர்ணா. வாரத்தில் ஐந்து நாள் மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இங்கே மே முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம்; அப்போது ஞாயிறு காலையானால் சைக்ளோகிராஸ் பந்தயம். புல்லிலும் சேற்றிலும் சைக்கிள் ஓட்டும் பந்தயம் அது. வழியில் குறுக்கே பலகைகள் நிற்கும். இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்டி, மறுபடி ஏறி ஓட்ட வேண்டும். ஓரத்தில் நிற்பவர்கள் மாட்டு மணியை ஆட்டிக்கொண்டே இருப்பார்கள்.

அபர்ணா ஒருநாளும் ஜெயித்ததில்லை. அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை.

“பன்னிரண்டு மணி வரைக்கும் சைக்கிள். அதுக்கப்புறம் நீங்க ரெண்டு பேர்தான்” என்பாள். பன்னிரண்டு அடித்ததும் காரின் பின்கதவைத் திறந்து அங்கேயே உட்கார்வோம். முகமெல்லாம் சேற்றோடு தயிர்சாதமும் சிப்ஸும் சாப்பிடுவாள். சாயங்காலம் மூவரும் சீட்டு விளையாடுவோம். அவள் கள்ளாட்டம் ஆடுவாள். பிடித்துவிட்டால் இன்னும் சத்தமாகச் சிரிப்பாள்.

கடைசி ஞாயிறன்று நல்ல மழை. சைக்கிளில் சேறு அப்பியிருந்தது. அவள் அதைக் கராஜில் சாய்த்து வைத்தாள்.

“தலை வலிக்குது. இதை யாரும் தொடாதீங்க. நாளைக்கு நானே கழுவுறேன்” என்றாள்.

மறுநாள் அவள் எழுவதற்கு முன்பே நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். அவள்தான் தர்ஷினியைப் பள்ளியில் விட்டாள். பத்து மணிக்கு எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். இரண்டு முறை சொன்னார். நான் “சரி” என்றேன்.

அதன் பிறகு பதினொரு வாரம் அந்தச் சைக்கிளை யாரும் தொடவில்லை.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை கீதன் போன் செய்தான். எங்களுக்குப் பக்கத்து ஊரான ஒடாஹுஹுவில் இருக்கிறான். பஸ் மெக்கானிக். அபர்ணாவோடு பந்தயங்களில் ஓட்டியவன். எல்லாப் பந்தயத்திலும் அவன்தான் கடைசி.

“அண்ணை, ஞாயிற்றுக்கிழமை குடும்ப ரிலே இருக்குது. பெரியாள் ஒரு சுற்று, பிள்ளை ஒரு சுற்று. அபர்ணா அக்கா போன மே மாசமே தன்ரை பேரையும் தர்ஷினியின்ரை பேரையும் குடுத்திட்டா. நான் அதை எடுத்துவிடட்டோ?”

போன் ஸ்பீக்கரில் இருந்தது. “சரி” என்று சொல்ல வாயெடுத்தேன்.

“எடுக்காதீங்க, கீதன் மாமா” என்றாள் தர்ஷினி. “அப்பா ஓட்டுவாங்க.”



“அண்ணை சைக்கிள் ஓடுவாரோ?” என்று கீதன் மெதுவாகக் கேட்டான்.

“தெரியாது” என்றாள் தர்ஷினி.

போனை வைத்தபின் நான் சொன்னேன். “என்கிட்ட சைக்கிள் இல்லை, தர்ஷினி.”

“அம்மாவோடது இருக்கே.”

“அதைத் தொடக் கூடாது.”



சனிக்கிழமை காலை. கெட்டிலைப் போட்டேன். கராஜிலிருந்து கரக், கரக் என்று ஒரு சத்தம். ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

தர்ஷினி சைக்கிளுக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள். கையில் ஒரு கரண்டி. காய்ந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“தொடாதே!” என்று கத்தினேன்.

பதினொரு வாரத்தில் நான் சத்தமாகச் சொன்ன முதல் வார்த்தை அது.  அவள் கரண்டியைக் கீழே போடவில்லை.

“அம்மா தொடாதீங்கன்னு சொன்னது உனக்குத் தெரியாதா?”

“தெரியும். நானும் இங்கதான் நின்னேன். நீங்க அப்புறம் ஒரு தடவையாவது இங்க வந்தீங்களாப்பா? தரையைப் பாருங்க.”

பார்த்தேன். சைக்கிளுக்குக் கீழே தரையெல்லாம் புழுதி.

“யாரும் தொடலை. தானாவே உதிருது. கதவைத் திறந்தா காத்துல பறந்து போயிடுது. நான் தினமும் வந்து பாக்குறேன். இப்படியே விட்டா ஒண்ணுமே மிஞ்சாது. அதான் எடுத்து வைக்கிறேன்.”

அவள் காலருகே நீல டப்பா இருந்தது. பாதி வரை சேற்றுக் கட்டிகள். ஒரு கட்டியில் ஒரு புல் ஒட்டிக்கொண்டிருந்தது.

“செயினையும் பாருங்க. துரு. அம்மா பாத்தா திட்டுவாங்க.”

“உன்னையா?”

“உங்களை.”

நான் தரையில் உட்கார்ந்தேன். 

“ஐஸ்கிரீம் டப்பாவில போடலாமே. சாப்பாட்டு டப்பாவை ஏன் எடுத்தே?”

“இது தொலையாதுப்பா.”

“நாலு டப்பா தொலைச்சவ நீ.”

“இது தொலையாது” என்றாள் மறுபடியும்.

சமையலறைக்குப் போய் இன்னொரு கரண்டி எடுத்து வந்தேன். இருவரும் சுரண்டினோம். டப்பா நிறைந்தது. மூடி ஜன்னலோரம் வைத்தாள். பிறகு சைக்கிளைக் கழுவினோம். செயினுக்கு எண்ணெய் போட்டோம். சீட் எனக்கு மிகவும் தாழ்வாக இருந்தது. அதை உயர்த்தக் கை வரவில்லை. தர்ஷினி பழைய உயரத்தில் ஒரு நட்சத்திர ஸ்டிக்கரை ஒட்டினாள்.

“இப்ப ஏத்துங்க. எப்ப வேணும்னாலும் இறக்கிக்கலாம்.”

ஞாயிறு காலை மவுண்ட் வெல்லிங்டன் பக்கம் ஒரு பூங்காவில் ரிலே. பெரியவர்களுக்கு முதல் சுற்று.

முதல் வளைவிலேயே விழுந்தேன். இரண்டாவது பலகையில் சைக்கிளைத் தாண்டவைத்தேன், நான் தாண்டவில்லை. மாட்டு மணிகள் காதைப் பிளந்தன. யாரோ ஒரு பெரியவர் எனக்கு ஒரு சாசேஜை நீட்டினார். வேண்டாம் என்று சொல்லக்கூட மூச்சில்லை. கீதன் என்னைத் தாண்டிப் போனான். போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தான். அவனாலேயே நம்ப முடியவில்லை.

சுற்று முடியும் கோட்டில் தர்ஷினி தன் சின்னச் சைக்கிளோடு நின்றாள். எனக்காகக் கையை நீட்டிக் குதித்தாள்.

“வாங்கப்பா! கடைசி! நாமதான் கடைசி! வாங்க!”

அவள் கையைத் தொட்டேன். சேற்றைக் கிளப்பிக்கொண்டு பறந்தாள். மூன்று பேரை முந்தினாள். ஆனாலும் நாங்கள் கடைசிக்கு முந்தைய இடம்தான். அவள் முந்திய மூவரில் இரண்டு பேர் அடுத்த வளைவிலேயே அவளை முந்திவிட்டார்கள்.

கீதன் வந்து என் கையைக் குலுக்கினான்.

“நன்றி அண்ணை. அஞ்சு வருசத்திலை ஒரு நாளாவது எனக்குப் பின்னாலை ஒரு ஆள் வந்ததே!”

பன்னிரண்டு மணி. காரின் பின்கதவைத் திறந்து உட்கார்ந்தோம். தயிர்சாதத்தை ஐஸ்கிரீம் டப்பாவில் கொண்டுவந்திருந்தேன். சிப்ஸ் பாக்கெட்டைத் தர்ஷினி பிரித்தாள். அவள் நெற்றியில் சேறு. என் வாய்க்குள்ளும் சேறு.

“நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் புது டப்பா வாங்கணும்” என்றேன்.

“வேண்டாம். இந்த ஐஸ்கிரீம் டப்பா போதும்.”

“தொலைச்சுடுவே.”

“மாட்டேன்.”

“ஜூன்லேருந்து நீ எதையுமே தொலைக்கலை. ஏன் தர்ஷினி?”

இதுவரை கேட்காததை எல்லாம் அந்த ஒரு கேள்வியில் கேட்டுவிட்டேன் போலிருந்தது. அவள் சிப்ஸை வாயருகே கொண்டுபோய் நிறுத்தினாள்.

“அன்னைக்கு அம்மா ஸ்கூல் கேட்ல சொன்னாங்க. நான் இறங்கி நடந்துட்டேன். கார் கிளம்பிடுச்சு. அப்புறம் நிறுத்தி, கண்ணாடியை இறக்கிக் கூப்பிட்டாங்க.”

“கோபமா இருந்தாளா?”

“இல்லப்பா. சிரிச்சுக்கிட்டேதான்.”

“என்ன சொன்னா?”

தர்ஷினி நெற்றிச் சேற்றைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். அம்மா சொன்ன மாதிரியே, ஒரு சொல் மாறாமல் சொன்னாள்.

“தர்ஷு, டப்பாவை மறக்காம வீட்டுக்குக் கொண்டு வந்துடு.”