பதில் வராவிட்டால்

மழை நின்றும் நிற்காமலும் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளின் கோடியில் சங்கமித்ரா ஸ்கூட்டரை நிறுத்தினாள். வந்த வேலை சின்ன வேலைதான். லாய்ட் என்ற பெரியவர் இறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. சுரங்கத் தூசி நெஞ்சில் படிந்து மூச்சுக்குத் திணறிய அவருக்கு ஊரிலிருந்த டிரஸ்ட் ஒன்று ஆக்சிஜன் மெஷினை இரவல் கொடுத்திருந்தது. அதைத் திரும்ப எடுத்துப் போக வேண்டும். எடுக்க வந்த டிரைவர் வாசலோடு திரும்பிப் போய், அந்த வீட்டுக்குள் நுழைய மனசு வரவில்லை என்று கையை விரித்துவிட்டான். வேலை கடைசியில் இவள் தலையில் விழுந்தது.

மரியகுழந்தை சாவியோடு வாசலில் நின்றிருந்தாள். ஐம்பத்தைந்து வயது. ஆறு மாதத்துக்கு முன்புவரை அந்த டிரஸ்டில் வேலை பார்த்தவள்.

"வா கண்ணு. நீ ஏன் வந்த? என்னாண்ட சொல்லியிருந்தா நானே இஸ்துகினு வந்திருப்பனே."

"பரவால்லக்கா."

பூட்டு இறுகிப் போயிருந்தது. கதவு திறந்ததும் ஈரச் சுண்ணாம்பும் தைலமும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. ஒற்றை அறை. ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு மேசை, மூலையில் மெஷின். அவர் போனை மேசைமேல்தான் எடுத்தார்களாம். ஆளைத் தரையில் எடுத்தார்கள். கட்டிலிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து கிடந்திருக்கிறார். உயிர் போக மூன்று நாளுக்கு மேல் ஆகியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

தரைக்கும் மேசைக்கும் நாலு முழம்கூட இல்லை.

"டிரஸ்டு கம்ப்யூட்டரு அவருக்கு தெனம் மெசேஜ் போட்டுச்சாமே" என்றாள் மரியகுழந்தை, கட்டிலைப் பார்த்தபடியே. "பதில் வரலன்னா அது இன்னா செய்யும்?"

"தெரிலக்கா. செக் பண்ணணும்."

தெரியாமல் என்ன? அதை எழுதியவளே அவள்தான்.

சங்கமித்ராவுக்கு பெங்களூரில் வேலை; ஊரிலிருந்தே தினமும் ரயிலில் போய்வந்தாள். ஆபீஸ்களில் தினம் தினம் ஒரே மாதிரி செய்கிற காரியங்களை மனிதர் கையிலிருந்து வாங்கி கம்ப்யூட்டரிடம் ஒப்படைப்பது அவள் தொழில். இதற்கு பெரிய புரோகிராம் ஒன்றும் எழுத வேண்டாம். திரையில் ஒரு பெட்டியை இழுத்து வைத்து, அம்புக்குறி போட்டு, அடுத்த பெட்டியோடு இணைத்தால் போதும். இப்படி நடந்தால் அந்தப் பக்கம் போ, நடக்காவிட்டால் இந்தப் பக்கம் போ. அவ்வளவுதான் வித்தை.

டிரஸ்டில் மெஷின் வாங்கியிருந்த பெரியவர்கள் அறுபத்து நாலு பேர். ஒன்பது வருஷமாக மரியகுழந்தை ஒவ்வொருவருக்கும் தினமும் போன் போட்டு, "சாப்ட்டியா? மூச்சு எப்படி இருக்குது?" என்று விசாரிப்பாள். அரை நாள் அதிலேயே போய்விடும். சொந்த ஊருக்கு ஏதாவது செய்வோமே என்ற நல்ல எண்ணத்தில்தான் சங்கமித்ரா இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து அதை மாற்றிக் கொடுத்தாள். காலை ஏழு மணிக்கு எல்லாருக்கும் ஒரே மெசேஜ்: "நலமா? நலம் என்றால் 1 அனுப்பவும்." டிரஸ்ட் செயலாளர் நோயல் ஆனந்தப்பட்டுப் போனார். மரியகுழந்தையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

பதில் போடாதவர்களின் பெயர் முதலில் நோயலுக்குத்தான் போனது. தினம் இருபது பெயர். ஒருவருக்குக் கண்ணாடி கிடைக்கவில்லை, ஒருவர் போனைப் பேரன் தூக்கிக்கொண்டு போய்விட்டான். "ஏம்மா, இன்னா ரோதனை இது? காலைல பல்லு விளக்க உடமாட்டேங்குது" என்று அவர் சலித்துக்கொண்டார். அதே வாரம், தான் செய்த இந்த நல்ல காரியத்தை ஆபீஸில் மேலதிகாரிகள் முன்னால் அவள் காட்ட வேண்டியிருந்தது. திரையில் இருபது பெயர் சிவப்பாக நின்றால் பார்க்க நன்றாகவா இருக்கும்? ஒரு பெட்டியை மாற்றினாள். மூன்று நாள் பதில் வராவிட்டால் நலம் என்று குறித்து, விசாரிப்பை நிறுத்திவிடு.

லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள் அவள். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்துச் சுவருக்குப் பின்னாலிருந்து "நூறு வயசு" என்று குரல் வரும். ஒருவருக்கு ஒன்று ஆகிவிட்டால் பக்கத்து வீட்டுக்குத் தெரியாமலா போய்விடும் என்று நினைத்துவிட்டாள். இன்று லைனில் பாதி வீடு பூட்டு என்பது அவளுக்குத் தெரியாததல்ல. லாய்ட் வீட்டுக்கு இரண்டு பக்கமும் பூட்டு. ஆட்கள் எல்லாம் பெங்களூரில்.

ஆபீஸில் எல்லாரும் கை தட்டினார்கள்.

"இத பாத்தியா?" மரியகுழந்தை கட்டிலுக்கு அடியில் குனிந்து சுவரைத் தொட்டாள். தரையோரம் ஒரு சாண் அளவுக்கு சுண்ணாம்பு பெயர்ந்து செங்கல் தெரிந்தது. "எவர்சில்வர் டம்ளரால தட்டியிருக்கறாரு. சுரங்கத்துல கீழ பாறை சரிஞ்சி ஆளுங்க மாட்டிக்கினா காத்து பைப்பத் தட்டுவாங்க. மூணு தட்டு. கேட்டவன் திருப்பித் தட்டியே ஆவணும். காப்பாத்த முடியலன்னாலும் தட்டணும். கேட்டுச்சு, தனியா இல்ல நீன்னு அர்த்தம்."

அவள் எழுந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பூட்டின ஊட்டத் தட்டிகினே செத்திருக்கறாரு மனுசன்."

அப்போதுதான் அது கேட்டது.

டொக். டொக். டொக்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து. பூட்டிக் கிடந்த வீட்டிலிருந்து.

சங்கமித்ரா மரியகுழந்தையைப் பார்த்தாள். அவள் மெஷினின் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஏதாச்சும் கேட்டுச்சா?"

"இன்னா கேட்டுச்சு? மழையா?"

டொக். டொக். டொக்.

திருப்பித் தட்டினால் என்ன ஆகும்? எனக்குக் கேட்டது என்று ஒப்புக்கொண்டது போல் ஆகிவிடும். அவள் தட்டவில்லை. மெஷினைத் தூக்கி ஸ்கூட்டரில் வைத்துக் கட்டிக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை ரயிலில் ஜன்னலோரம் சாய்ந்திருந்தாள். பெட்டியின் தகரச் சுவருக்குள்ளிருந்து, அவள் தோளுக்கு நேராக, மூன்று தட்டு. செவ்வாய்க்கிழமை ஆபீஸில் மீட்டிங் மேசைக்கு அடியிலிருந்து. கூட இருந்த யாருக்கும் கேட்கவில்லை. தட்டுவது யாரானாலும் அவருக்கு அவசரமே இல்லை. தட்டிவிட்டு, பதிலுக்கு இடம் விட்டு, மறுபடி தட்டினார்.

அந்த இடைவெளியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மூன்று நாள் விதி இருந்த அந்தத் திரைப் பெட்டியை மாற்றிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. இன்னும் அறுபத்து மூன்று பேர் அதே விதிக்குக் கீழேதான் இருந்தார்கள். ஆனால் யார் எந்தத் தேதியில் எதை மாற்றினார்கள் என்பதெல்லாம் அதில் பதிவாகும். இப்போது கை வைத்தால் நோயல் உள்ளே போய்ப் பார்ப்பார். பழைய தேதிக்கு நேராக இவள் பெயர் இருக்கும். செத்தவர் செத்துவிட்டார், இருக்கிறவள் பிழைக்க வேண்டாமா என்று மனசு கூசாமல் வாதாடியது. லாய்ட் விஷயத்தில் என்ன நடந்தது என்று புதன்கிழமைக்குள் எழுதித் தரும்படி நோயல் கேட்டிருந்தார்.

புதன்கிழமை வீட்டிலிருந்தே வேலை. சாயங்காலம் நாலு மணிக்கு எழுதி முடித்தாள். பெரியவரின் போனில் சிக்னல் கோளாறு என்று பொய். நாலே வரி. அனுப்பக் கையை வைத்தாள்.

டொக். டொக். டொக்.

லேப்டாப்புக்குள்ளிருந்து. விரலடியில் விசைப்பலகை அதிர்ந்தது.

அடுத்தது அலமாரியில். அடுத்தது அவள் தலைக்குப் பின்னால். இடைவெளியே விடாமல், ஆத்திரமாக, வீட்டின் நாலு சுவரிலும். காதைப் பொத்தினாள். பொத்திய கைக்குள்ளும் கேட்டது.

"இன்னா வேணும்?" என்று அவள் முனகினாள். "அங்கிள், இன்னா வேணும் உங்களுக்கு?"

சட்டென்று நின்றது.

திரையில் அவள் திறக்காத ஒரு பட்டியல் திறந்திருந்தது. தம்மபாலன், எழுபத்தெட்டு வயது, ஊரிகம், தனியாக வசிக்கிறார். பதில் இல்லை, மூன்றாம் நாள். மாலை ஐந்து மணிக்கு நலம் என்று குறிக்கப்படும்.

மரியகுழந்தைக்கு போன் செய்தாள். சொல்ல வேண்டியதையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினாள். பதில் வராவிட்டால் நலம் என்று எழுதியது நான்தான், தெரியாது என்று பொய் சொன்னேன், லாய்ட் அங்கிளைக் கொன்றது நான்தான் அக்கா.

"எந்த லைனு?" என்று மட்டும் கேட்டாள் மரியகுழந்தை.

இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தபோது கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தெருவில் போன இரண்டு பேரைக் கூப்பிட்டு உடைத்தார்கள். தம்மபாலன் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. கரண்ட் போய் மெஷின் நின்றிருந்தது, போன் தண்ணீர் வாளிக்குள் கிடந்தது. உயிர் இருந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றி, முகத்தில் மாஸ்க் வைத்த பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது.

"நேத்து புடிச்சி லாய்ட்டு... பக்கத்து ஊட்லேந்து தட்டிகினே கீறான். தூங்காதடா, ஆளுங்கள கூட்டியாறேன்னான். நானும் திருப்பித் தட்டிகினே இருந்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டு சங்கமித்ராவைப் பார்த்தார். "அவனுக்கு இப்ப நெஞ்சு பரவால்லியாம்மா?"

லாய்ட் இறந்த சேதி அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. தம்மபாலன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் கூரையே கிடையாது. வெறும் மண்மேடுதான்.

அன்றே அவள் உள்ளதை உள்ளபடி எழுதி நோயலிடம் கொடுத்தாள். போலீசுக்கும் தெரிவித்தார்கள், விசாரிப்போம் என்றார்கள். ஆபீஸிலும் அவள் அதையே எழுதிக் கொடுத்ததற்கு இன்னும் பதில் வரவில்லை. டிரஸ்ட் மரியகுழந்தையை மறுபடி கூப்பிட்டுக்கொண்டது. "நா உன்ன மன்னிக்கறதுக்கு இன்னா இருக்குது? அவரு இல்லியே கேக்கறதுக்கு" என்றாள் அவள், கோபமில்லாமல். கோபப்பட்டிருந்தால் தேவலை என்று சங்கமித்ராவுக்குத் தோன்றியது.

விதியையும் மாற்றினாள். ஒரு நாள் காலை பதில் வராவிட்டால் மரியகுழந்தை கூப்பிட வேண்டும். அப்போதும் பதில் இல்லையென்றால் சங்கமித்ராவின் போனுக்கு பெயர் வரும், உடனே நேரில் போக வேண்டும். போனபிறகு ஒரு கேள்வி வரும்: ஆளைப் பார்த்தீர்களா? ஆம், இல்லை என்று இரண்டே பொத்தான். அதற்குப் பிறகு தட்டல் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஏழரைக்கு முதல் பெயர் வந்தது.

லாய்ட். உடனே நேரில் செல்லவும்.

அந்தப் பெயரை அவள் எப்போதோ நீக்கியிருந்தாள். மறுபடி நீக்கினாள். மறுநாளும் வந்தது.

மூன்றாம் நாள் அவள் போனாள். மரியகுழந்தையிடம் சாவியை வாங்கிக்கொண்டு ஊரிகத்துக்குப் போய், கதவைத் திறந்து, காலிக் கட்டிலுக்கு எதிரில் சற்று நேரம் உட்கார்ந்தாள். "வந்துட்டேன் அங்கிள்" என்றாள். கேள்வி வந்தது. இல்லை என்று அமுக்கினாள். பொய் சொல்ல இனி அவளால் முடியாது. அன்றிலிருந்து தினமும் அதே நேரம், அதே வீடு, அதே பதில். இன்னும் எத்தனை காலத்துக்கு என்று அவள் யாரையும் கேட்கவில்லை. இதுகூட இல்லாவிட்டால் எப்படி என்றுதான் நினைத்தாள்.

ஒரு வியாழக்கிழமை அவளுக்கு நல்ல காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தவள் எழுந்தபோது வெயில் ஏறியிருந்தது. அம்மா யசோதா கஞ்சியோடு வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"இப்பதான் யாரோ ஒரு பெரியவரு வந்துட்டு போனாரு. பாவம், அப்படி மூச்சு வாங்குது அவருக்கு. உக்காருங்கன்னேன், உக்காரல. தண்ணியும் வேணாம்னுட்டாரு."

"யாரும்மா? இன்னா கேட்டாரு?"

"பொண்ணு இன்னிக்கு வரலியே, ஒடம்பு கிடம்பு சரியில்லியோன்னு பாத்துட்டு போலாம்னு வந்தேன்னாரு. நீ தூங்கறப்ப கதவாண்ட நின்னு பாத்துகினே இருந்தாரு. நல்லா மூச்சு உடுது, அது போதும்னு சொல்லிட்டு எறங்கிப் போயிட்டாரு."

சங்கமித்ரா தலையணைக்கு அடியிலிருந்த போனைத் தேடி எடுத்தாள். ஏழரைக்கு வந்த பெயர் அப்படியே இருந்தது. ஆளைப் பார்த்தீர்களா என்ற, அவள் தொடாத அந்தக் கேள்விக்குக் கீழே, எட்டு மணி பத்து நிமிஷத்துக்கு, யாரோ 'ஆம்' என்று பதில் போட்டிருந்தார்கள்.