மூன்றாவது தயக்கம்

ஆறு மணிச் சங்கு ஊதியது. சுடலைமணி பாயில் படுத்தபடியே கழுத்தில் வளையத்தை மாட்டிக்கொண்டு, நாற்பது மைலுக்கு அப்பால், நிலவின் வெயிலில் எழுந்து நின்றான்.

அங்கே அவனுக்கு இரண்டு ஆள் உயரத்தில் ஓர் இரும்பு உடம்பு இருந்தது. தொலையுடல் என்று அதற்குப் பெயர். இங்கே அவன் கையைத் தூக்க நினைத்தால் அங்கே கை தூக்கும். வளையம் நரம்பிலிருந்து நினைப்பை வாங்கி, வீட்டு இணைப்பு வழியாகச் சுரங்கத்துக்கு அனுப்பும். குகைக் குடியிருப்பின் இருநூறு வீடுகளிலும் காலையில் ஆட்கள் இப்படிக் கண்ணை மூடிக் கிடப்பார்கள். புதிதாகப் பார்க்கிறவனுக்கு வீட்டுக்கு வீடு இழவு விழுந்த மாதிரி இருக்கும். வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

அன்றைக்குப் பாறையைப் பிடிக்க விரலை மடக்கினான். விரல் மடங்கவில்லை. கண்ணிமைக்கிற நேரம் கழித்துத்தான் மடங்கியது. அதற்குள் பாறை உருண்டுபோய் வண்டிச் சக்கரத்தில் மோதியது.

"தயக்கம், இரண்டு," என்றது மேற்பார்வை. அதற்கு முகம் கிடையாது. காதுக்குள் வரும் குரல் மட்டும்தான்.

மூன்று தயக்கம் ஆனால் தொலையுடலைப் பிடுங்கிக்கொள்வார்கள். பிறகு காற்றுச்சட்டையை மாட்டிக்கொண்டு சொந்த உடம்போடு குழியில் இறங்க வேண்டும். சுடலைமணி ஒன்பது வருஷம் அப்படி இறங்கியவன். நிலவின் தூசி அரைத்த கண்ணாடி மாதிரி. சட்டை போட்டிருக்கும்போது ஒன்றும் செய்யாது, கழற்றும்போது மூக்கில் ஏறும். இடப்பக்க நுரையீரலை அது தின்று முடித்துவிட்டது. இன்னொரு வருஷம் குழிக்குப் போனால் வலப்பக்கமும் மிஞ்சாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

வேலை முடிந்து எழுந்தவன் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ரெண்டு ஆயிட்டு."

கீரைத்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மனைவி உலகம்மாளின் கை நின்றது. "வளையம் போன மாசம்தான் புதுசா குடுத்தான். உடம்பும் நல்லாத்தான் இருக்கு. பெறகு என்ன கேடு?"

"வீட்டு லைன்தான். அடுப்பு ஒரு பக்கம் இழுக்கு, காத்துப் பெட்டி ஒரு பக்கம் இழுக்கு. பக்கத்து வீட்டு யோபு வேற நம்மகிட்ட ஒரு வயர் இழுத்திருக்கான்."

"நீங்கதான குடுத்திய."

"ஒரு வாய் காலியா இருக்கத அவன் பாத்துட்டான். கேட்டா என்ன செய்ய?"

வாய் என்றது சுவிட்சின் வாயை. விளக்குப் போடுகிற சுவிட்ச் அல்ல. வெளியிலிருந்து வரும் இணைப்பை வீட்டுக் கருவிகளுக்குப் பிரித்துவிடும் பெட்டி அது. வாய்க்காலில் வருகிற தண்ணீரை வயல் வயலாகப் பிரித்துவிடும் மடை என்று வைத்துக்கொள்ளலாம். மடை சரியில்லை என்றால் கடைசி வயல் காயும். தான்தான் அந்தக் கடைசி வயல் என்று சுடலைமணிக்குத் தோன்றிவிட்டது. தோன்றிய பிறகு வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

இரண்டு பேருமாகப் புது சுவிட்ச் வாங்கத் தாவீது அண்ணாச்சி கடைக்குப் போனார்கள்.

"எட்டு வாயா, பதினாறா, நாப்பதா?" என்றார் அண்ணாச்சி.

"வேகமா இருக்கணும் அண்ணாச்சி."

"எல்லாவனும் அதத்தான் சொல்லுதான். எட்டு வாய் மண்டு. வந்தத வந்தபடி தள்ளும். பதினாறு கொஞ்சம் விவரமானது. யார் முன்ன, யார் பின்னன்னு சொன்னா கேட்டுக்கிடும். நாப்பதுக்குச் சொல்லவே வேண்டாம். எவன் அவசரக்காரன்னு அதுவே மூஞ்சியப் பாத்துக் கண்டுபிடிச்சு மொதல்ல விடும்."

"எங்க வீட்டுல ஒம்பது கருவிதான் இருக்கு," என்றான் சுடலைமணி இருமிக்கொண்டே.

"கருவிய எண்ணாதயும் வே. இருமுததக் கேட்டா உமக்கு எண்ணிக்கிட்டு இருக்க நேரம் இல்லன்னு தோணுது." அண்ணாச்சி பெட்டியை எடுக்கப் போனவர் திரும்பினார். "வேற எங்கயும் அடைப்பு இருக்கான்னு பாத்தீரா?"

"எல்லாம் பாத்தாச்சு," என்றான் சுடலைமணி. ஒன்றையும் பார்க்கவில்லை.

நாற்பது வாய்க்கு ஈடாக அண்ணாச்சி கேட்டது உலகம்மாளின் கப்பல் சீட்டை. பதினோரு வருஷம் காத்திருந்து வந்த முறை. அடுத்த மாதம் பூமிக்குக் கப்பல். அங்கே அவள் அக்கா படுக்கையில் கிடந்தாள், இவள் வருவாள் என்று நாளை எண்ணிக்கொண்டு.

"வேண்டாம்ட்டி. பதினாறே போதும்," என்றான் சுடலைமணி.

உலகம்மாள் சீட்டை மேசைமேல் வைத்தாள். "அக்காவப் பாக்க நாலு பிள்ளைய இருக்கு. எனக்கு உங்கள விட்டா யாரு இருக்கா? எடுங்க, போவோம்."

வீட்டுக்கு வந்ததும் அவள் பெட்டிக்குக் குங்குமம் வைத்தாள். புதுச் சாமானுக்குப் பாதுகாப்பாக அதன்மேல் ஒட்டியிருந்த மெல்லிய நீலத்தாளைச் சுடலைமணி நகத்தால் நெம்பப் போனபோது தடுத்தாள்.

"உரிக்காதிய. தூசி பட்டுக் கீறல் விழும்."

அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டான். அந்த வீட்டில் அப்படித்தான். அடுப்பின் முகப்பில் மூன்று வருஷத்துத் தாள், சூடு பட்டு ஓரம் மட்டும் சுருண்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தால் உறை நெறுநெறுக்கும்.

மறுநாள் காலை சங்குக்கு முன்பே சுடலைமணி எழுந்தான். நாற்பது வாய் இருந்தும் மனசு கேட்கவில்லை. அடுப்பைப் பிடுங்கினான். தொட்டி விளக்கைப் பிடுங்கினான். யோபுவின் வயரையும் பிடுங்கிவிட்டு, அவன் முகத்தில் எப்படி விழிப்பது என்று ஒரு நிமிஷம் நின்றான். மூச்சுக்கு வேண்டிய காற்றுப்பெட்டி மட்டும் மிச்சம். இருட்டு வீட்டில் உலகம்மாள் அவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முதல் பாறை. விரலை மடக்கினான். மடங்கு, மடங்கு என்று குலசாமியைக் கூப்பிட்டான். கண்ணிமைக்கிற நேரம் கழித்து மடங்கியது.

"தயக்கம், மூன்று."

நிலவு அணைந்தது. அவன் பாயில் கிடந்தான்.

மத்தியானம் கம்பெனியின் சோதனை எந்திரம் வந்தது. பெட்டியைத் தொட்டுப் பார்த்தது. "நல்ல பெட்டி. இதற்கு முன்பு இருந்ததும் நல்ல பெட்டிதான். உங்களுக்குத் தேவையானதைப் போல ஏழு மடங்கு அதிலேயே போகும்."

பிறகு வளையத்தைக் கேட்டு வாங்கிப் புரட்டியது. உட்புறம், கழுத்தில் படும் இடத்தில், நரம்பிலிருந்து நினைப்பை வாங்கும் மூன்று செப்பு மொட்டுகள். அவற்றின்மேல் வெங்காயத் தோல் மாதிரி ஒரு தாள். எந்திரம் இரண்டு விரலால் அதைச் சர்ரென்று உரித்தது.

"உரித்தபின் அணியவும் என்று இதிலேயே அச்சிட்டிருக்கிறதே. ஏன் உரிக்கவில்லை?"

"வாசிச்சேன். எழுத்துக் கூட்டி வாசிச்சேன்," என்றான் சுடலைமணி. "வேர்வ பட்டுக் கெட்டுப் போயிரக் கூடாதேன்னு..."

"புதுசுல்லா," என்றாள் உலகம்மாள்.

"அப்ப மூணு தயக்கத்தையும் அழிச்சிருங்கய்யா. இப்பதான் தெரிஞ்சுபோச்சே," என்றான் சுடலைமணி.

"கருவியில் பிழை என்றால் அழிக்கலாம். கருவியில் பிழை இல்லை. திங்கட்கிழமை குழிக்கு வாருங்கள்," என்று சொல்லிவிட்டு எந்திரம் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டியது.

திங்கட்கிழமை காற்றுச்சட்டை அறையில் முப்பத்தேழு பேர் வரிசையில் நின்றார்கள். புது வளையம் வாங்கியவர்கள் எல்லோரும் அங்கேதான். அந்த மாதம் அண்ணாச்சி கடையில் நாற்பது வாய் சுவிட்ச் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

முன்னால் நின்ற யோபு திரும்பினான். "என்னண்ணே, தாளா?"

"தாள்தான். வயரப் புடுங்குனதுக்கு மனசுல வச்சுக்காதப்பா."

"விடுங்க. எனக்கும் தாள்தான்."

காற்றுச்சட்டைகளும் புதியவை, அந்த வாரம்தான் பூமியிலிருந்து இறங்கியவை. சுடலைமணி இருமிக்கொண்டே தலைக்கூட்டை எடுத்தான். முகக்கண்ணாடிமேல் நீலத்தாள். ஒரு மூலையில் நகத்தை வைத்து நெம்பினான்.

"பாத்துண்ணே," என்றான் யோபு. "கீறல் விழுந்துரப் போவுது. திரும்ப ஒப்படைக்கணும்லா."

சுடலைமணியின் நகம் நின்றது. பிறகு கிளம்பியிருந்த மூலையைக் கட்டைவிரலால் நன்றாக அழுத்தி, குமிழி இல்லாமல் ஒட்டவைத்தான்.

அன்றைக்குக் குழியில் இறங்கிய முப்பத்தேழு பேருக்கும் நிலவு நீலமாகத் தெரிந்தது.